ஊசியின் சரிவு

பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் முதலில் வண்ணம், அப்புறம் குரோமிய பம்பர், கம்பிச் சக்கரம், தோல் இருக்கை என்று பேச்சு போகும். கார்புரேட்டர் பேச்சுக்கு வருவது வண்டி நடுவழியில் நின்ற பிறகுதான். எனக்கோ கண் முதலில் போவதே அங்கேதான். எம்.ஜி.பி. ஒன்றின் பானெட்டைத் திறந்தால் எஞ்சினின் இடப்பக்கத்தில், மணி கவிழ்த்தது போன்ற இரண்டு அலுமினிய அறைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவை எஸ்.யு. கார்புரேட்டர்கள். அவை அங்கே இருக்கின்றனவா, கழற்றிவிட்டு வேறு ஏதாவது மாட்டியிருக்கிறார்களா என்று பார்த்தாலே அந்தக் காரை அதன் சொந்தக்காரர் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிவிடலாம். இது என் கட்சி. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கட்சிக்காகத்தான் பேசப்போகிறேன்.

மலேசியாவின் பந்திங்கில் உட்கார்ந்துகொண்டு ஆங்கிலேயக் கார்களைப் பற்றிப் பேச எங்களுக்கு உரிமை உண்டு. கோல லங்காட் தோட்டங்களின் மாவட்டம். ரப்பர் காலத்தில் துரைமார்களோடு மோரிஸ் மைனரும் ஆஸ்டினும் லேண்ட் ரோவரும் எங்கள் செம்மண் சாலைகளுக்கு வந்தன. துரை ஓட்டினார். கழற்றி மாட்டியவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் லோரிக்கும் டிராக்டருக்கும் பழகிய கைகள், மோரிஸ் மைனரின் ஒற்றை எஸ்.யு.வையும் எளிதாகவே படித்துக்கொண்டன. ஒற்றையைப் படித்தவருக்கு எம்.ஜி.யின் இரட்டை புதிதல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்றும் பழைய கார்களை உயிரோடு வைத்திருப்பவர்களில் இந்தப் பரம்பரைக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஐம்பது, அறுபது வருடம் ஓடிய கார்புரேட்டர் தேயத்தான் செய்யும். அதற்குப் பதிலாக எதைப் போடுவது? கிள்ளானில் ஓர் இளைஞரைக் கேட்டால், "வெபர் போடுங்கண்ணே, சும்மா அலறும்" என்பார். வயதான மெக்கானிக், "எதுக்கு ஐயா வம்பு, ஜப்பான் கார்புரேட்டர் ஒன்னு மாட்டிட்டா தொடவே வேணாம்" என்பார். காசு இருப்பவர் இங்கிலாந்திலிருந்து புதிதாக வரவழைக்கலாம் என்பார். மூன்று பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எஸ்.யு. எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இதில் முடிவு எடுக்க முடியாது.

எல்லாக் கார்புரேட்டருக்கும் வேலை ஒன்றுதான்: எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்று கலந்து கொடுப்பது. எஞ்சின் 800 சுற்றில் முனகும்போதும் 5,000 சுற்றில் பாடும்போதும் அந்தக் கணக்கு பெரிதாகப் பிசகக் கூடாது. இங்கேதான் சிக்கல். காற்று போகும் வழி ஒரே அகலமாக இருந்தால், மெதுவான சுற்றில் காற்று சோம்பலாக நகரும். அதற்குப் பெட்ரோலை உறிஞ்சி எடுக்கும் வலு இருக்காது. இதைச் சமாளிக்க மற்றக் கார்புரேட்டர்கள் ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு ஜெட், ஒரு துளை, ஒரு வழி என்று அடுக்கிக்கொண்டே போகும். திடீரென மிதித்தால் பெட்ரோலைப் பீச்ச ஒரு குட்டி பம்ப்பும் வேண்டும்.

எஸ்.யு. இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, காற்று போகும் வழியின் அகலத்தையே மாற்றிவிடுகிறது. அந்த மணி வடிவ அறைக்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் நகரும். ஆக்சிலரேட்டரை மிதித்துப் பட்டாம்பூச்சித் தகடு திறந்ததும் எஞ்சின் இழுக்கும் வெற்றிடம் பிஸ்டனின் அடியிலுள்ள சிறு துளைகள் வழியாக மேலறைக்குப் போய்ப் பிஸ்டனைத் தூக்குகிறது. அது மேலெழுந்த அளவுக்கு வழி அகலமாகிறது. அகலமானதும் வெற்றிடம் பழைய அளவுக்கு இறங்கிவிடும். பிஸ்டனும் அங்கேயே நிற்கும். எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேண்டுமோ அவ்வளவுக்கு வாசல் திறக்கிறது. காற்றின் வேகமோ எப்போதும் ஏறக்குறைய ஒன்றே.

இனிப் பெட்ரோல். பிஸ்டனின் அடியில் ஓர் ஊசி தொங்குகிறது. மேலே தடிமன், நுனியில் மெலிவு. அது இறங்கி நிற்பது 0.090 அங்குல விட்டமுள்ள ஒரு ஜெட்டுக்குள். பிஸ்டன் ஏறினால் ஊசியும் ஏறும்; ஊசியின் மெலிந்த பகுதி ஜெட்டின் வாயில் வர, சுற்றியுள்ள இடைவெளி பெரிதாகி, பெட்ரோல் அதிகமாக வரும். காற்றையும் பெட்ரோலையும் ஒரே அசைவு அளக்கிறது. நகரும் பாகங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

அப்படியானால் எஞ்சினின் குணம் முழுவதும் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? அந்த ஊசியின் சரிவில். ஊசியின் தடிமனை ஒவ்வொரு 1/8 அங்குலத்துக்கும் அளந்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு வித்தியாசம் நடுவேகத்தில் கார் துள்ளுமா துவளுமா என்பதைத் தீர்மானிக்கும். ஒவ்வோர் ஊசியின் தண்டிலும் ஓர் எழுத்துக் குறியோ எண்ணோ பொறித்திருப்பார்கள். நூற்றுக்கணக்கான சரிவுகள் உண்டு. பெரிய கண்ணாடி வைத்து அந்தக் குறியைப் படித்து, இது எந்த எஞ்சினுக்குக் கடைந்தது, இந்தக் காருக்குள் எப்படி வந்தது என்று யோசிப்பதில் இருக்கும் சுகம் எனக்குத் தெரியும். கைக்கடிகாரப் பைத்தியங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் செருப்பு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள். லண்டனில் லில்லி அண்ட் ஸ்கின்னர் என்று பேர்பெற்ற காலணிக் கடை. அந்தக் குடும்பத்து ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் 1905-இல் இந்தக் கார்புரேட்டருக்குக் காப்புரிமை கேட்டார். தம்பி தாமஸ் கார்லைல் ஸ்கின்னர் சேர்ந்துகொண்டார். 1910-இல் நிறுவனம் பதிவானது. ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கமே எஸ்.யு. ஆரம்ப மாதிரிகளில் பிஸ்டன் கிடையாது. தோலால் செய்த துருத்திதான் ஏறி இறங்கியது. 1926-இல் வில்லியம் மோரிஸ் நிறுவனத்தை வாங்கிக்கொண்டார். எம்.ஜி. என்பதே மோரிஸ் கராஜஸ். ஆக எம்.ஜி.யும் எஸ்.யு.வும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1962-இல் ஆபிங்டன் ஆலையிலிருந்து எம்.ஜி.பி. வந்தபோது அதன் 1,798 சி.சி. எஞ்சினுக்கு இரண்டு 1½ அங்குல எச்.எஸ்.4 கார்புரேட்டர்களைப் பொருத்தி அனுப்பினார்கள். 1980 வரை அந்தக் கார் உற்பத்தியில் இருந்தது. 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள்.

எஸ்.யு. நடுத்தரக் கார்களோடு நின்றுவிடவில்லை. ஜாகுவார் ஈ-டைப்பின் 3.8 லிட்டர் எஞ்சினில் மூன்று 2 அங்குல எஸ்.யு. வரிசையாக நின்றன. 1962-இல் சிங்கப்பூர் தாம்சன் சாலையில் நடந்த மலேசிய கிராண்ட் பிரியை வென்ற யோங் நாம் கீ ஓட்டியதும் ஈ-டைப்தான். பிறகு 1968-இல் எங்கள் பக்கத்திலேயே பத்து தீகாவில் பந்தயத் தடம் வந்தது. கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே, காற்று வாகாக அடித்தால் எஞ்சின் சத்தம் கேட்கிற தூரத்தில் பல தோட்டங்கள் இருந்தன.

அந்தப் பிஸ்டனையும் அறையையும் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கைத்திறன் என்று நான் சொல்வது அங்கேதான் குடியிருக்கிறது. பிஸ்டனின் அகன்ற தட்டுக்கும் அறைச் சுவருக்கும் நடுவே ரப்பர் வளையம் இல்லை, தோல் இல்லை, எதுவுமே இல்லை. இரண்டும் ஒன்றையொன்று தொடவும் கூடாது. இடைவெளி வழியாகக் காற்று ஓடிவிடவும் கூடாது. அவ்வளவு நெருக்கமாகக் கடைந்து, ஜோடி ஜோடியாகப் பொருத்தி அனுப்புவார்கள். ஒரு ஜோடியின் பிஸ்டனை இன்னொரு ஜோடியின் அறைக்குள் போட்டால் வேலை செய்யும் போலத் தெரியும், செய்யாது. சோதனை எளிது: பிஸ்டனின் துளைகளை அடைத்து, தணிப்பானைப் (அதைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்) பொருத்தி, தலைகீழாகப் பிடித்து, அறையை மெல்ல நழுவ விட வேண்டும். 1½ அங்குல எஸ்.யு.வில் அறை முழுக்க இறங்க 5 முதல் 7 விநாடி ஆக வேண்டும். ஓடி விழுந்தால் தேய்ந்திருக்கிறது. தயங்கி நின்றால் எங்கோ அழுக்கு அல்லது நசுங்கல். அந்த ஐந்தாறு விநாடி அறை வழுக்கி இறங்குவதைக் கையில் உணர்ந்தவர்கள் இந்தக் கருவியை லேசில் கைவிட மாட்டார்கள்.

உச்சியில் திருகும் மூடியோடு வரும் கம்பிதான் தணிப்பான். பிஸ்டனின் குழல் தண்டுக்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியிருக்கும், எஸ்.ஏ.ஈ. 20 போன்ற இலேசான எண்ணெய். திடீரென மிதிக்கும்போது பிஸ்டன் ஒரே தாவாகத் தாவாமல் அந்த எண்ணெய் பிடித்து நிறுத்துகிறது. அந்தச் சிறு தாமதத்தில் காற்று வேகமாகப் பாய்ந்து கூடுதல் பெட்ரோலை இழுத்துக்கொள்ளும். மற்றவர்கள் பம்ப் வைத்துச் செய்வதை எஸ்.யு. சில துளி எண்ணெயால் செய்துவிடுகிறது. பழைய எஸ்.யு. வண்டியை வாங்கியவர், மிதித்ததும் கார் ஒரு கணம் திணறுகிறது என்றால், நான் முதலில் கேட்பது மூடியைத் திறந்து எண்ணெய் பார்த்தீர்களா என்றுதான். பெரும்பாலும் வறண்டு கிடக்கும். மூடியைத் திருகி இறக்கும்போது விரலுக்கு ஒரு தடை தெரிய வேண்டும், அதுதான் அளவு.

இவ்வளவு எளிமையான கருவி எங்கே தேயும்? முதலில் பட்டாம்பூச்சித் தகட்டின் தண்டு. பித்தளைத் தண்டு அலுமினிய உடலில் லட்சக்கணக்கான தடவை சுழன்று துளையைக் கோழி முட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அந்த இடைவெளியில் திருட்டுக் காற்று நுழையும். எஞ்சின் நின்ற இடத்தில் ஒரே சுருதியில் ஓடாது, ஏறும், இறங்கும். தண்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டாவது, ஜெட். ஊசி ஒரு பக்கமாக உரசினால் ஜெட்டின் வட்டம் கெடும். மூன்றாவது, பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையும் அதன் ஊசி வால்வும். இம்மூன்றையும் புதிதாக்க முடியும். தண்டின் துளையைத் துருவிப் புது வளையம் இறுக்கி, நல்ல லேத்காரரிடம் கொடுத்து நேராகக் கடையச் சொன்னால் உடல் இன்னொரு தலைமுறைக்குத் தாங்கும். புதுப்பிக்கவே முடியாதது, ஜோடி தவறிய பிஸ்டனும் அறையும்தான். அதனால் பழைய எஸ்.யு. வாங்கும்போது வெளிப்பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். பஃபிங் பண்ணிக் கண்ணாடியாக்கி விற்கிறார்கள். சிலர் அறையின் உள்பக்கத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறார்கள். உள்ளே எமரி தாள் பட்ட அறை, அலமாரியில் அழகுக்கு வைக்கத்தான் லாயக்கு.

ஸ்ட்ராம்பெர்க் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரையம்ப் கார்கள் பலவற்றில் வந்த ஜெனித்-ஸ்ட்ராம்பெர்க் சி.டி., எஸ்.யு.வின் தத்துவத்தையே பின்பற்றுகிறது. கடைந்து பொருத்திய பிஸ்டனுக்குப் பதில் ரப்பர் சவ்வு. 1975 முதல் அமெரிக்காவுக்குப் போன எம்.ஜி.பி.களில் இரண்டு எஸ்.யு.வை எடுத்துவிட்டு ஒரே ஒரு ஸ்ட்ராம்பெர்க்கை வைத்தார்கள். அந்த நாட்டுப் புகைச் சட்டத்துக்காகச் செய்தது. கருவி மோசமில்லை. ஆனால் எங்கள் வெக்கையில் ரப்பர் சவ்வு விறைத்து ஓட்டை விழும். சவ்வு மாற்றலாம், மலிவுதான். ட்ரையம்ப் வைத்திருப்பவர் அதையே வைத்துக்கொள்ளட்டும். எம்.ஜி.க்கு அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

வெபரைப் பற்றி அப்படிச் சுருக்கமாகப் பேசி ஒதுக்க முடியாது. 1923-இல் இத்தாலியின் பொலோஞாவில் எடோவார்டோ வெபர் தொடங்கிய நிறுவனம்; இன்று அந்தக் கார்புரேட்டர்கள் ஸ்பெயினில் உருவாகின்றன. 45 டி.சி.ஓ.ஈ. என்ற பக்கவாட்டுக் கார்புரேட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அதன் வார்ப்பின் அழகை மறக்க மாட்டார்கள். ஓர் உடலில் இரண்டு குழல்கள், முன்னால் இரண்டு எக்காள வாய்கள். காற்றுக் குழலின் நெரிவை மாற்றலாம். மெயின் ஜெட், ஐடில் ஜெட், காற்றுத் திருத்தி, எமல்ஷன் குழாய், பம்ப் ஜெட் என்று எதை வேண்டுமானாலும் மாற்றலாம். முழுதாகத் திறந்துவிட்டால் அது எழுப்பும் குரல் கிள்ளான் இளைஞர் சொன்னபடியே அலறல்தான், அழகான அலறல். லோட்டஸ் எலானின் இரட்டைக் கேம் எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கு நான்கு தனி வாசல்கள். இரண்டு வெபர்கள், நான்கு குழல்கள். வாசலுக்கு ஒரு குழல். அங்கே வெபர் தன் வீட்டில் இருக்கிறது.

எம்.ஜி.பி.யின் எஞ்சின் தலையைத் திருப்பிப் பாருங்கள். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டே இரண்டு உள்வாசல்கள். முதல் இரண்டு சிலிண்டருக்கு ஒன்று, கடைசி இரண்டுக்கு ஒன்று. தீப்பற்றும் வரிசை 1-3-4-2. அதாவது இரண்டாவது சிலிண்டர் காற்றை இழுத்து முடிக்குமுன் அதே வாசலில் முதலாவது இழுக்கத் தொடங்கிவிடும்; அப்புறம் அந்த வாசலில் வெகுநேரம் எந்த இழுப்பும் இல்லை. பக்கத்து வாசலிலும் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இதே கதை. ஒரு குழல், ஒரு சிலிண்டர் என்ற கணக்கில் பிறந்த வெபரைக் கொண்டுவந்து இந்தப் பங்குச் சண்டைக்கு நடுவே நிறுத்தினால் அதன் சிறப்பில் பாதி அங்கேயே போய்விடுகிறது. எம்.ஜி. ஆலையே பந்தயத்துக்கு 45 டி.சி.ஓ.ஈ. போட்டிருக்கிறது; 1963, 1964, 1965 என்று மூன்று வருடம் லெமான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு அப்படித்தான் எம்.ஜி.பி.யை அனுப்பினார்கள். ஆனால் அந்த எஞ்சின்களின் தலையும் கேமும் வேறு. அவை உச்சச் சுற்றிலேயே வாழ்ந்தவை. பந்திங்கிலிருந்து மோரிப் கடற்கரைக்கும், ஜென்ஜாரோம் வழியாகக் கிள்ளானுக்கும், எப்போதாவது பிரிக்ஃபீல்ட்ஸ் நெரிசலுக்கும் போய்வரும் காருக்கு வேண்டியது 1,500 சுற்றுக்கும் 4,000 சுற்றுக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு போகும் இழுப்பு. அதை எஸ்.யு. கேட்காமலே தரும். வெபரில் அதே வழுக்கலை வரவைக்க ஒரு பெட்டி நிறைய ஜெட்டும், காரை உருளைகள் மேல் ஓட்டிச் சோதிக்கும் ரோலிங் ரோடு வைத்திருக்கும் நிபுணரும், பொறுமையும் வேண்டும்.

மேலிருந்து கீழே காற்றை விடும் 32/36 டி.ஜி.வி. வெபரை ஒற்றையாகப் போடும் வழக்கமும் உண்டு. மலிவு, பராமரிப்பும் குறைவு. ஸ்ட்ராம்பெர்க் கெட்டுப்போன அமெரிக்க எம்.ஜி.பி.க்காரர்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள். வண்டி ஓடும். எஞ்சின் அறையைத் திறக்கும்போது மனசு திறக்காது.

ஜப்பான் யோசனையையும் மரியாதையோடே கேட்க வேண்டும். ஹிட்டாச்சி நிறுவனம் எஸ்.யு. வகையிலேயே செய்த இரட்டைக் கார்புரேட்டர்கள் டட்சன் 240இசட்டில் வந்தன; நயமான வேலை. மிக்குனி, சோலெக்ஸ் உரிமத்தில் செய்த பக்கவாட்டு இரட்டைக் குழல் கார்புரேட்டர்களும் இங்குள்ள ஹாஃப்-கட் கடைகளில் தட்டுப்படும். மிக்குனி என்றதும் தமிழ்நாடு ஞாபகம் வருகிறது. சென்னையின் கார்புரேட்டர்ஸ் லிமிடெட்டும் மிக்குனியும் கூட்டுச் சேர்ந்து 1985-இல் யூகால் நிறுவனத்தைத் தொடங்கின. இந்தியச் சாலைகளில் ஓடிய எத்தனையோ கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் தமிழ்க் கைகள் செய்த கார்புரேட்டர்கள்தாம் மூச்சு. ஆங்கிலேயக் காரும் அங்கே அந்நியமல்ல. சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலை 1961 முதல் ட்ரையம்ப் ஹெரால்டைச் செய்தது. அதே ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கி எடுத்துத்தான் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைப் பிறப்பித்தார்கள், இரட்டை எஸ்.யு.வோடு.

ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் பெயர். அதன் மெர்லின் எஞ்சினிலும் எஸ்.யு.தான், வேறு வகை, மிதவை வைத்தது. விமானம் திடீரென மூக்கைக் கவிழ்த்தால் பெட்ரோல் மேலே ஓடி எஞ்சின் ஒரு கணம் அணைந்துபோகும்; ஜெர்மானிய விமானிகள் அதைத் தெரிந்துவைத்துத் தப்பினார்கள். 1941-இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் ஒரு சிறு உலோகத் தகட்டில் சரியான அளவுத் துளை போட்டுப் பெட்ரோல் வழியில் செருகி அதைக் கட்டுப்படுத்தினார். அந்த அம்மா, சர்ரேயின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டி நட்சத்திரப் பதக்கம் வாங்கியவர். எங்கள் பந்திங்கிலும் புரூக்லண்ட்ஸ் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. அதன் ஓரமாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தத் துளை போட்ட தகடு ஞாபகத்துக்கு வரும்.

சரி, எங்கள் வெயிலுக்கு வருவோம். எம்.ஜி.பி. எஞ்சினில் உள்வழியும் புகைவழியும் ஒரே பக்கம். கொதிக்கும் புகைக் குழாய்க்கு நேர் மேலே கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. இங்கிலாந்துக் குளிரில் அது வரம், பந்திங்கில் சோதனை. ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று குளிர்விக்கும். மாமாக் கடையில் நிறுத்தி ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்தால், அதற்குள் எஞ்சினின் சூடெல்லாம் மேலே ஏறி மிதவை அறைக்குள் புகுந்திருக்கும். பெட்ரோலின் இலேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பிறகு ஸ்டார்ட் பண்ணினால் இருமல்தான். அதனால் எந்தக் கார்புரேட்டரைத் தேர்ந்தாலும் அதற்கும் புகைக் குழாய்க்கும் நடுவே வெப்பத் தடுப்புத் தகடும், உடலுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தாத தடித்த இடைத்துண்டும் முழுசாக இருக்க வேண்டும். தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் வண்டிகளை நான் பார்த்ததுண்டு. கார்புரேட்டரைக் குறை சொல்லுமுன் அந்தத் தகட்டைத் தேட வேண்டும்.

இந்த வெப்ப விஷயத்தில்தான் எச்.எஸ்.4-க்கும், எம்.ஜி. 1970-களில் மாறிப்போன எச்.ஐ.எஃப்.4-க்கும் நடுவே தேர்வு வருகிறது. எச்.எஸ்.-இல் மிதவை அறை பக்கத்தில் தனியாகத் தொங்கும். ஒரு நைலான் குழாய் வழியாக ஜெட்டுக்குப் பெட்ரோல் வரும். எச்.ஐ.எஃப்.-இல் மிதவை அறை உடலின் அடியிலேயே அடங்கியிருக்கும்; உள்ளே ஓர் ஈருலோகப் பட்டை பெட்ரோலின் சூட்டுக்கு ஏற்ப ஜெட்டை ஏற்றி இறக்கிக் கலவையைத் தானே திருத்தும். அறிவாளித்தனமான ஏற்பாடு. கோலாலம்பூர் நெரிசலில் தினமும் ஓட்டுகிறவருக்கு அது உதவும். ஆனாலும் நான் எச்.எஸ்.4 பக்கம்தான். ஜெட்டைத் தாங்கும் மரையை விரலாலேயே திருப்பலாம், எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, பிரச்சினை எதுவானாலும் சாலையோரத்தில் தீர்க்கலாம். எச்.ஐ.எஃப்.-இன் அடியறையைத் திறக்க வேண்டுமென்றால் காரிலிருந்து கழற்றியாக வேண்டும்.

கடைசி வேலை, சுருதி சேர்ப்பது. இதை இசைக்காரர்களிடமிருந்து கடன் வாங்கிச் சொல்கிறேன். இரண்டு தம்புராவைச் சேர்ப்பதற்கு இதைவிட நெருக்கமான வேலை எஞ்சின் உலகில் இல்லை. ஜெட்டை மேலே முட்டும்வரை ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று இறக்கினால் ஆரம்ப நிலை. எஞ்சின் சூடானதும் ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். இரண்டும் ஒரே ஸ்ஸ்ஸ் என்று ஒலிக்கும்வரை தகடுகளைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு அளவுமானி கிடைக்கிறது, காது போதும். அப்புறம் பிஸ்டனைத் தூக்கும் சிறு முள்ளால் அதை 1/32 அங்குலம் மட்டும் உயர்த்திப் பார்க்க வேண்டும். சுற்று ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் லேசாக ஏறித் திரும்பப் பழைய நிலைக்கே வந்தால் சரி. கணினி இல்லை, ஆக்சிஜன் சென்சார் இல்லை. எஞ்சினைக் கேள்வி கேட்டால் எஞ்சினே பதில் சொல்கிறது. பத்து மைல் ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், பீங்கான் வெளிர் பழுப்பில் இருக்க வேண்டும். நான்கும் ஒரே பழுப்பு என்றால் அன்றைக்கு வேறு எதுவும் செய்யத் தோன்றாது.

பந்திங்கில் விடியலில் 24 டிகிரி. சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் போதும், எஸ்.யு.வில் அது ஜெட்டைக் கீழே இறக்கி ஊசியைச் சுற்றி இடம் விடுகிறது, அவ்வளவுதான். பின்னால் எஸ்.யு.வின் மின்பம்ப் டக் டக் டக் என்று தட்டி நின்றதும் எஞ்சின் எழுந்துகொள்ளும். மோரிப் சாலையில் செம்பனை வரிசைகளுக்கு நடுவே மூன்றாம் கியரில் காலை மெல்ல அழுத்தினால், இரண்டு பிஸ்டனும் ஒரே உயரத்துக்கு எழும்புவதை இருக்கையிலேயே உணரலாம். திடுக்கிடல் இல்லை, வெட்டிழுப்பு இல்லை. இந்தக் காரைச் செய்தவர்கள் இதைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள்.

ஆக என் தீர்ப்பு இது. காரோடு பிறந்த எஸ்.யு. ஜோடி இருந்தால், பிஸ்டனும் அறையும் ஜோடி தவறாமல் இருந்தால், தண்டுத் துளைக்கு வளையம் இறுக்கி, ஜெட், ஊசி, மிதவை வால்வு மாற்றி அதையே போடுங்கள். அது இல்லையென்றால் புது எச்.எஸ்.4 ஜோடி வாங்குங்கள். இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் பர்லன் நிறுவனம் 1996 முதல் எஸ்.யு. பெயரை எடுத்து நடத்துகிறது, இன்றும் செய்துகொண்டிருக்கிறார்கள். நெரிசலிலேயே காலம் தள்ளும் கார் என்றால் எச்.ஐ.எஃப்.4. தலையையும் கேமையும் மாற்றிச் செப்பாங் தடத்தில் ஓட்டப்போகிறவருக்கு வெபர். மற்றவர்களுக்கு வெபர் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பந்திங்கிலும் கிள்ளானிலும் தோட்டத்து லயங்களிலும், அப்பாவோ தாத்தாவோ ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த வீடுகளில், பின்கட்டில் ஒரு பால் மாவு டின்னுக்குள் எஸ்.யு. ஒன்று கிடக்கலாம். பழைய பேப்பரும் இரும்பும் கேட்டுத் தாமானுக்குள் வரும் லோரிக்காரரிடம் அதைக் கொடுத்துவிடாதீர்கள். பிஸ்டனையும் அதன் அறையையும் ஒரே துணியில் சுற்றிக் கட்டி, கொஞ்சம் எண்ணெய் தடவி வையுங்கள். ஊசியைக் கழற்றாதீர்கள். அதைத் தேடிக்கொண்டு யாராவது வருவார்கள்.